ஹைட்ரஜன் திட்டத்துக்கு நிபுணர்களை அமர்த்துவது எப்படி: முதன்முறையாக இறங்குவோருக்கான வழிகாட்டி

நான் பணிபுரியும் ஆலையில் உலோகப் பாகங்களை ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கிப் பதப்படுத்தும் உலைகள் இயங்குகின்றன. பல ஆண்டுகளாகச் சிலிண்டர்களில் வாங்கி வந்த ஹைட்ரஜனை, சூரிய மின்சாரத்தையும் நீரையும் கொண்டு எங்கள் வளாகத்திலேயே உற்பத்தி செய்துகொள்ளலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு உலையைத் தெரியும்; நீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசரைத் தெரியாது. எனவே ‘ஹைட்ரஜன் நிபுணர்’ ஒருவரைத் தேடி அமர்த்தினேன். அவர் திறமையானவர்தான், ஆனால் எங்களுக்கு அப்போது தேவைப்பட்ட திறமை அவரிடம் இருக்கவில்லை. இதை நான் உணர்வதற்குள் ஏழு மாதங்களும், ஒரு கான்கிரீட் அடித்தளமும் வீணாகிவிட்டன.

ஹைட்ரஜன் நிபுணர் என்று ஒரே தொழில் கிடையாது. மின்வேதியியல் அறிந்தவர், உயர் அழுத்தக் குழாய்களை வடிவமைப்பவர், வெடிப்பு அபாயத்தைக் கணக்கிடுபவர், மின்கட்டண ஒப்பந்தங்களை அலசுபவர், கரிம உமிழ்வுக் கணக்கைச் சரிபார்ப்பவர் என எல்லோரும் இன்று அதே பெயரில்தான் அறியப்படுகிறார்கள். எந்தக் கேள்விக்கு யாரை, எந்தக் கட்டத்தில் அழைப்பது என்பது தெரிந்திருந்தால் எங்கள் பணமும் காலமும் பெருமளவு மிஞ்சியிருக்கும். நடுத்தர அளவிலான ஓர் ஆலையோ, ஆய்வுக்கூடமோ, கல்வி நிறுவனமோ முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும்போது பின்பற்றத்தக்க வரிசையைக் கீழே தருகிறேன்.

1. யாரையும் அழைப்பதற்கு முன் தேவைக் குறிப்பை நீங்களே எழுதுங்கள்

இரண்டு பக்கங்கள் போதும். ஆனால் அவற்றை உங்கள் ஆலையை அறிந்தவர்தான் எழுத வேண்டும். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஹைட்ரஜன் தேவை, உச்ச நேரத்தில் எவ்வளவு, ஆண்டில் எத்தனை மணி நேரம், பயன்படும் இடத்தில் என்ன அழுத்தம், எந்த அளவு தூய்மை, எவ்வளவு ஈரப்பதம் வரை தாங்கும் ஆகியவை எண்களாக இருக்க வேண்டும். அத்துடன் மூன்று இணைப்புகளை வையுங்கள்: கடந்த 12 மாத மின்கட்டணச் சீட்டுகள், நீங்கள் பயன்படுத்தவிருக்கும் நீரின் ஆய்வறிக்கை, அளவுகள் குறிக்கப்பட்ட வளாக வரைபடம். நிபுணர் எவராயினும் முதல் வாரத்தில் இவற்றைத்தான் கேட்பார். அவை கையில் இல்லையென்றால், அவற்றைத் திரட்டும் வேலைக்கும் அவருடைய நாட்கூலியை நீங்கள் கொடுப்பீர்கள்.

அளவைகளில்தான் முதல் பொறி இருக்கிறது. சிலர் கிலோவில் பேசுவார்கள், சிலர் இயல்பு கனமீட்டரில். 0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 11.1 கனமீட்டர் இடத்தைப் பிடிக்கும். அதே கனமீட்டரை 20 டிகிரியில் கணக்கிட்டால் ஏழு சதவீதம் வேறுபாடு வந்துவிடும். எனவே குறிப்பில் கிலோவை மட்டுமே எழுதுங்கள். இப்போது சிலிண்டரில் வாங்குபவராக இருந்தால் உங்கள் உண்மையான நுகர்வைக் கணக்கிடுவது எளிது: 50 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 0.7 கிலோ ஹைட்ரஜன்தான் இருக்கும். அதிலும் ஒரு பகுதி சிலிண்டரிலேயே மீந்து திரும்பிப் போகும்.

இரண்டாவது பொறியில் நாங்களே விழுந்தோம். எங்கள் முதல் விலைப்புள்ளியில் தூய்மை 99.999 சதவீதம் என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து நிறைவடைந்து நான் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். அதே பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘உலர் அடிப்படையில்’ என்று இருந்தது. நீராவியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்லப்பட்ட தூய்மை அது. எங்கள் உலைக்கு ஆக்ஸிஜனைவிட ஈரமே பெரிய எதிரி. சோதனைக்காக அந்த வகை எலக்ட்ரோலைசரின் வாயுவில் பதப்படுத்திக் கொண்டுவந்த பாகங்கள், பளபளப்பாக வெளிவர வேண்டியவை, விளிம்புகளில் வைக்கோல் நிறமும் நீலமும் படிந்து வந்தன. ஆகவே தூய்மையை ஒரே சதவீதமாக எழுதாதீர்கள். ஆக்ஸிஜன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), நைட்ரஜன் எத்தனை பிபிஎம், பனிநிலை (வாயுவிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் எத்தனை டிகிரி என்று தனித்தனியாக எழுதுங்கள். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிமின்கலத்துக்காக அது தேவைப்படுபவர்களுக்கு இந்த வேலை எளிது. ஐஎஸ்ஓ 14687 தரநிலை 99.97 சதவீதத் தூய்மையோடு, நீர் 5 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 0.2 பிபிஎம் என ஒவ்வொரு மாசுக்கும் தனி வரம்பை வகுத்திருக்கிறது. அதை அப்படியே குறிப்பிட்டால் போதும்.

2. ஹைட்ரஜன் வேண்டுமா என்பதற்கே முதல் கட்டணத்தைச் செலவிடுங்கள்

முதலில் அமர்த்த வேண்டியவர் எரிசக்திக் கணக்கு அறிந்த ஒருவர்; எலக்ட்ரோலைசர் நிபுணர் அவருக்குப் பின்னால் வரட்டும். முதலில் வரும் இவருக்கு எந்த இயந்திரத்தையும் விற்கும் நோக்கம் இருக்கக் கூடாது. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலையை மின்சாரத்தைக் கொண்டு நேரடியாகவே செய்ய முடியாதா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் தவிர்க்க முடியாத இயற்பியல் இருக்கிறது. இன்றைய எலக்ட்ரோலைசர் அமைப்பு ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு கிலோவை எரித்தால் பயன்படுத்தத்தக்க வெப்பமாகக் கிடைப்பது சுமார் 33 யூனிட். அதை 700 பாருக்கு அழுத்தினால் மேலும் சில யூனிட்டுகள் போகும். திரவமாக்கினால் பத்து யூனிட்டுக்கு மேல் போகும். வெந்நீருக்காகவோ குறைந்த வெப்பத்துக்காகவோ ஹைட்ரஜனை எரிக்க நினைப்பவருக்கு, மின்சூடேற்றியோ வெப்ப பம்போ மலிவாக முடியும் என்பதை நேர்மையான ஆலோசகர் இரண்டு நாள் கணக்கில் காட்டிவிடுவார். மாறாக, உரம், சுத்திகரிப்பு, மெத்தனால், உலோகப் பதப்படுத்தல் போல ஹைட்ரஜனின் வேதியியல் குணமே தேவைப்படும் இடங்களில் அதற்கு மாற்று எளிதில் இல்லை. எரிசக்தி ஆய்வாளர் மைக்கேல் லீப்ரைக் பயன்பாடுகளை மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டும் ‘ஹைட்ரஜன் ஏணி’ இந்த உரையாடலைத் தொடங்க நல்ல கருவி. அதன் ஒவ்வொரு படியையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. உங்கள் பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறது, ஏன் என்று ஆலோசகரை விளக்கச் சொல்லுங்கள்.

செலவையும் இந்தக் கட்டத்திலேயே தோராயமாக அறியலாம். நீங்கள் கொடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையை 55 ஆல் பெருக்குங்கள். இயந்திரத்தின் விலை, பராமரிப்பு, ஆள்கூலி எதுவும் சேராமல், மின்சாரத்துக்கு மட்டுமே ஒரு கிலோவுக்கு ஆகும் தொகை அது. அதுவே இப்போது நீங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் விலையைத் தாண்டினால், விலையைக் காரணம் காட்டி இத்திட்டத்தை நியாயப்படுத்த முடியாது. வேறு காரணம் இருக்கிறதா என்று நிர்வாகத்தோடு அமர்ந்து பேசுங்கள்.

அடுத்து உற்பத்தி அளவு. ஒரு மெகாவாட் எலக்ட்ரோலைசர் மணிக்குச் சுமார் 18 கிலோ உற்பத்தி செய்யும். நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 435 கிலோ. சூரிய மின்சாரத்தை மட்டும் நம்பினால், ஆண்டு முழுவதற்குமான சராசரியில் நாளொன்றுக்கு 100 கிலோவை எட்டுவதே பெரிது. விற்பனைக் கையேடுகளில் இந்த இரண்டு எண்களில் பெரியது மட்டுமே இருக்கும். நாங்கள் முதலில் அமர்த்தியவர் 435ஐ வைத்தே எங்கள் முதலீடு திரும்பும் காலத்தைக் கணக்கிட்டிருந்தார். அவர் ஒரு விற்பனை நிறுவனத்தோடு தரகு உடன்பாடு வைத்திருந்தார் என்பது பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

3. எந்தக் கேள்விக்கு எவர்

சாத்தியக்கூறு உறுதியான பிறகு நான்கு வகையினர் தேவைப்படுவார்கள். சிறிய திட்டத்தில் ஒருவரே இரண்டு வேலைகளைச் செய்யலாம். நான்கையும் ஒருவரே செய்வேன் என்றால் ஏற்காதீர்கள்.

செயல்முறைப் பொறியாளர்: எலக்ட்ரோலைசரின் வகை, அளவு, நீர்ச் சுத்திகரிப்பு, உலர்த்தி, சேமிப்பு ஆகியவற்றைத் தீர்மானிப்பவர். அல்கலைன் வகையில் 30 சதவீதம் அளவுக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சூடாகச் சுழலும்; அதைக் கையாளப் பயிற்சி வேண்டும். காரக் கரைசலுக்குப் பதிலாகப் பாலிமர் சவ்வைப் பயன்படுத்தும் பிஇஎம் வகை ஏற்ற இறக்கமான மின்சாரத்துக்கு விரைவாக ஈடுகொடுக்கும். ஆனால் அதில் இரிடியமும் பிளாட்டினமும் உள்ளதால் விலை கூடும், நீரின் தூய்மையில் சிறிதும் சலுகை தராது. நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோசீமென்ஸுக்கும் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர் நீர். சுத்திகரிப்பில் கழிவாகப் போவதையும் குளிரூட்டலையும் சேர்த்தால் 20 முதல் 30 லிட்டர் வரை எடுத்துவைக்க வேண்டும். ‘9 லிட்டர்தான்’ என்று மட்டும் சொல்பவர் ஆலையில் வேலை செய்தவராக இருக்க வாய்ப்பில்லை.

பாதுகாப்பு நிபுணர்: இவரைப் பற்றி அடுத்த தலைப்பில் விரிவாக எழுதுகிறேன்.

மின்பொறியாளர்: மாறுதிசை மின்சாரத்தை எலக்ட்ரோலைசருக்கு வேண்டிய நேர்த்திசை மின்சாரமாக மாற்றும் ரெக்டிஃபையர் உங்கள் மின்விநியோகத்தில் ஹார்மோனிக்ஸ் எனப்படும் அலைச்சிதைவை உண்டாக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா, மின்வாரியம் அபராதம் விதிக்குமா என்பதை முன்கூட்டியே இவர் பார்க்க வேண்டும்.

கரிமக் கணக்கரும் சான்றளிப்பு அறிந்தவரும்: உங்கள் பொருளைப் ‘பசுமை ஹைட்ரஜனில் தயாரித்தது’ என்று விற்க எண்ணினால் மட்டும் இவர் தேவை.

4. பாதுகாப்பு நிபுணரை வரைபடம் போடும் முன்பே அழையுங்கள்

எங்கள் பெரிய இழப்பு இங்கேதான் நிகழ்ந்தது. எலக்ட்ரோலைசருக்கான இடத்தைத் தேர்ந்து, அடித்தளம் போட்டு, வெயிலும் மழையும் படாதிருக்கக் கூரையும் அமைத்த பிறகுதான், அனுமதிக்காகப் பாதுகாப்பு ஆய்வு வேண்டும் என்பதால் அவரை அழைத்தோம். வந்தவர் அடித்தளத்தைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடந்தார். குறுக்கும் நெடுக்குமாகப் போன இரும்பு உத்திரங்கள் கூரையின் அடியில் கவிழ்த்த பெட்டிகள் போல ஆறு பள்ளங்களை உண்டாக்கியிருந்தன. ஒரு பள்ளத்தைக் கைநீட்டிக் காட்டி, “வாயு கசிந்தால் முதலில் இங்கே வந்து தங்கும், இதற்கு வெளியேற வழி எங்கே?” என்று கேட்டார். பிறகு பக்கத்துக் கட்டடத்தின் குளிரூட்டிக் காற்று உறிஞ்சும் வாயைக் காட்டினார். வாயுவை வெளியே விடும் எங்கள் வென்ட் குழாய் அதற்கு நேர் எதிரே வரைபடத்தில் இருந்தது. அந்த இடத்தைக் கைவிட்டு வேறிடத்தில், சாய்வான, உச்சியில் திறந்த கூரையோடு மீண்டும் தொடங்கினோம்.

ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். பற்றவைக்கத் தேவையான ஆற்றல் சுமார் 0.02 மில்லிஜூல் மட்டுமே. உடையில் தோன்றும் நிலைமின் பொறியே அதற்கு மிகையானது. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. அதே வேளையில், காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது என்பதால், திறந்த வெளியில் விரைவாக மேலெழுந்து கலைந்துவிடும். இந்தக் கடைசிக் குணத்தைத் துணையாக்கிக்கொள்வதே நல்ல வடிவமைப்பு. கூரையால் அதைத் தடுத்ததே நாங்கள் செய்த பிழை.

பாதுகாப்பு நிபுணரிடமிருந்து எழுத்தில் பெற வேண்டியவை: ஐஇசி 60079-10-1 தரநிலையின்படி அபாய மண்டலங்களைக் குறித்த வரைபடம், ஒவ்வொரு பாகத்திலும் என்ன பிழை நேரலாம் என்று வரிசையாக அலசும் ஹேசாப் ஆய்வின் அறிக்கை, இடைவெளித் தூரங்களின் கணக்கு, வாயு உணரிகளும் சுடர் உணரிகளும் எங்கெங்கே என்ற பட்டியல், நைட்ரஜனால் குழாய்களைக் கழுவிவிடும் நடைமுறை. அபாய மண்டலத்துக்குள் வரும் விளக்கு, மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஹைட்ரஜன் அடங்கும் ஐஐசி வாயுக் குழுவுக்கு உரியவையா என்று ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையிலும் பாருங்கள். பெட்ரோலிய ஆலைகளில் பரவலாகப் பயன்படும் ஐஐபி வகைச் சாதனங்கள், ஹைட்ரஜனுக்கும் ஏற்றவை என்ற கூடுதல் குறிப்பு இல்லாவிட்டால், போதாது. கடைக்காரர் ‘வெடிப்புத் தடுப்பு வகைதான்’ என்று சொல்வது உண்மையாக இருந்தும் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம்.

5. எங்கே தேடுவது

மாநாட்டு மேடைகளில் தேடியது என் முதல் தவறு. அங்கே பேசுபவர்கள் பெரும்பாலும் கொள்கையையும் எதிர்காலச் சந்தையையும் அறிந்தவர்கள். குழாயில் கை வைத்தவர்கள் வேறிடங்களில் இருக்கிறார்கள். உலகில் ஆண்டுக்குப் பயன்படுத்தப்படும் 9 கோடி டன்னுக்கு மேலான ஹைட்ரஜனில் மிகப் பெரும் பகுதி சுத்திகரிப்பு ஆலைகளிலும் அம்மோனியா, மெத்தனால் ஆலைகளிலும்தான் கையாளப்படுகிறது. அங்கே இருபது முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கு ஹைட்ரஜன் புதிய பொருள் அல்ல. என் அனுபவத்தில் இவர்களைவிடவும் பொருத்தமானவர்கள் காஸ்டிக் சோடா ஆலைப் பொறியாளர்கள். உப்புக் கரைசலை மின்பகுத்து ஹைட்ரஜனைத் துணைப்பொருளாகப் பெறும் ஆலைகள் அவை. மின்பகுப்புக் கலம், ரெக்டிஃபையர், காரக் கரைசல், ஈர ஹைட்ரஜன் நான்கையும் அன்றாடம் கண்டவர்கள். எங்களுக்கு இறுதியில் கைகொடுத்தவர் அப்படிப்பட்ட ஒருவரே.

இவர்களை அடைய மூன்று வழிகள் எனக்குப் பயன்பட்டன. ஐஎஸ்ஓவின் டிசி 197 குழு ஹைட்ரஜன் தரநிலைகளை வகுக்கிறது. அதற்கு இணையான தேசியக் குழு உங்கள் நாட்டின் தரநிர்ணய அமைப்பில் இருக்குமானால் அதன் உறுப்பினர்களை அணுகுங்கள். வேதிப்பொறியாளர் சங்கங்களின் உள்ளூர்க் கிளைகள் இரண்டாவது வழி. மூன்றாவது, உங்கள் ஊரில் ஹைட்ரஜன் கையாளும் எந்த ஆலையாயினும் அதன் பாதுகாப்பு அதிகாரியிடம் நேரில் சென்று, அவர்கள் யாரை அழைக்கிறார்கள் என்று கேட்பது. மிக விரைவாகப் பலன் தந்தது இதுதான்.

6. முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகள்

சான்றிதழ்களைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சு போதும்.

‘இந்த எலக்ட்ரோலைசரின் செயல்திறன் 72 சதவீதம் என்கிறார்கள், இது எந்த வெப்ப மதிப்பில்?’ என்று கேளுங்கள். கிலோவுக்கு 55 யூனிட் எடுக்கும் ஒரே இயந்திரம், எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து தரும் வெப்பத்தையும் சேர்த்த மேல் வெப்ப மதிப்பான 39.4 யூனிட்டை வைத்தால் 72 சதவீதம். அதைச் சேர்க்காத கீழ் வெப்ப மதிப்பான 33.3 யூனிட்டை வைத்தால் 61 சதவீதம். எலக்ட்ரோலைசரை மட்டும் கணக்கிட்டதா, பம்ப், உலர்த்தி, குளிரூட்டி எல்லாம் சேர்ந்ததா என்பதையும் அவரே தானாகக் கேட்க வேண்டும்.

‘மேகமூட்டத்தில் மின்சாரம் பத்து சதவீதத்துக்குக் குறைந்தால் என்ன ஆகும்?’ என்பது எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி. குறைந்த சுமையில் உற்பத்தி குறையும், ஆனால் எலக்ட்ரோலைசருக்குள் இரு வாயுக்களையும் பிரிக்கும் சவ்வு வழியே ஒரு பக்கத்து வாயு மறுபக்கம் ஊடுருவுவது அதே விகிதத்தில் குறையாது. எனவே ஆக்ஸிஜனில் ஹைட்ரஜனின் பங்கும், ஹைட்ரஜனில் ஆக்ஸிஜனின் பங்கும் ஏறும். இதை அறியாமல் சூரிய மின்சாரத்தோடு நேரடியாக இணைப்பது ஆபத்தானது. தென்கொரியாவின் காங்நுங் நகரில் 2019 மே மாதம் ஒரு சோதனை நிலையத்தின் ஹைட்ரஜன் கலன்கள் வெடித்து இருவர் இறந்தனர், ஆறு பேர் காயமடைந்தனர். ஹைட்ரஜன் கலனுக்குள் 6 சதவீதத்துக்கும் மேல் ஆக்ஸிஜன் சேர்ந்திருந்ததே காரணம் என்று விசாரணை கண்டது. இந்த நிகழ்வை அறிந்திருக்கிறாரா, அதிலிருந்து உங்கள் வடிவமைப்பில் எதைச் சேர்ப்பார் என்று கேளுங்கள். ஆக்ஸிஜன் பகுப்பாய்வி, அது காட்டும் அளவைக் கொண்டு இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பூட்டு, ஆக்ஸிஜனை அகற்றும் வினையூக்கி ஆகிய மூன்றும் அவருடைய பதிலில் வந்தால் மேலே பேசலாம்.

‘உங்கள் திட்டம் எதிலாவது தவறு நிகழ்ந்திருக்கிறதா?’ என்றும் கேட்டுவிடுங்கள். நன்றாக வேலை செய்தவர்களிடம் இதற்குத் தெளிவான, விவரமான பதில் இருக்கும். விபத்துகளையும் மயிரிழையில் தவிர்க்கப்பட்ட விபத்துகளையும் தொகுத்துவைத்திருக்கும் எச்2டூல்ஸ், ஐரோப்பாவின் எச்ஐஏடி ஆகிய தரவுத்தளங்களைப் பொதுமக்களும் பார்க்கலாம். சந்திப்புக்கு முன் நீங்கள் அவற்றில் பத்துப் பதிவுகளையாவது படித்துவிட்டுச் சென்றால், பேச்சின் தரமே மாறிவிடும்.

7. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

பணி வரையறையில் ‘ஆலோசனை வழங்குதல்’ என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள். எந்த ஆவணம், எந்தத் தேதிக்குள், எந்த வடிவில் என்று எழுதுங்கள். சாத்தியக்கூறு அறிக்கை, பொருள் மற்றும் ஆற்றல் சமநிலைத் தாள், குழாய்களையும் கருவிகளையும் காட்டும் பி அண்டு ஐடி வரைபடம், ஹேசாப் அறிக்கை, கொள்முதல் விவரக்குறிப்பு, விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுத் தாள் ஆகியவை அதில் தனித்தனி வரிகளாக வர வேண்டும்.

நலன் முரண் உறுதிமொழியைத் தனித் தாளாகக் கேளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த எலக்ட்ரோலைசர், கம்ப்ரசர், கலன் விற்பனையாளரிடமிருந்தும் தரகோ கட்டணமோ பெற்றிருந்தால் அதை அவர் அறிவிக்க வேண்டும். பெற்றிருப்பதே குற்றமாகிவிடாது, மறைப்பதுதான் தீங்கு. எங்கள் முதல் ஒப்பந்தத்தில் இந்த ஒரு தாள் இருந்திருந்தால், வீணான ஏழு மாதங்களில் ஐந்து மிஞ்சியிருக்கும்.

கணக்குத் தாள்களையும் வரைபடங்களையும் திருத்தக்கூடிய கோப்புகளாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள். பிடிஎஃப் மட்டும் கிடைத்தால், அடுத்த நிபுணர் அனைத்தையும் மீண்டும் வரைந்து அதற்கும் கட்டணம் கேட்பார். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டின் நகலையும் வாங்கி, அதில் ‘வெடிப்பு’ விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

8. கட்டணமும் மறைந்திருக்கும் செலவுகளும்

இயந்திர விலையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பவரைத் தவிருங்கள். பெரிய இயந்திரத்தைப் பரிந்துரைக்க அவருக்கே காரணம் உண்டாகிவிடுகிறது. சாத்தியக்கூறு ஆய்வுக்கு மொத்தத் தொகையும், பிந்தைய சந்தேகங்களுக்கு நாட்கூலியும் என்ற ஏற்பாடே எங்களுக்குச் சரிப்பட்டது. தவணைகளை மாதத்தோடு பிணைக்காமல் ஆவணங்களோடு பிணையுங்கள். கடைசி 15 சதவீதத்தைக் கட்டுமானம் முடிந்த நிலையிலான வரைபடங்கள் கைக்கு வரும் வரை நிறுத்திவையுங்கள்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது எலக்ட்ரோலைசரின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், நீர்ச் சுத்திகரிப்பு, உலர்த்தி, கம்ப்ரசர், சேமிப்புக் கலன், நைட்ரஜன் ஏற்பாடு, உணரிகள், அடித்தளம் ஆகியவற்றில் எவை அந்த விலைக்குள் அடங்கும் என்று ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு விற்பனையாளரையும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று நிரப்பிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவற்றில் மலிவானதாகத் தோன்றிய விலைப்புள்ளியில் ஐந்து இடங்களில் ‘இல்லை’ வந்தது.

ஸ்டாக் எனப்படும் செல் அடுக்கு காலப்போக்கில் தேயும். பொதுவாக 60,000 முதல் 80,000 மணி நேர ஆயுளைச் சொல்வார்கள். அந்தக் காலம் முழுவதும் அதே ஹைட்ரஜனுக்கு எடுக்கும் மின்சாரம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். உத்தரவாதத்தில் எத்தனை மணி நேரம் என்பதோடு, அந்த முடிவில் கிலோவுக்கு எத்தனை யூனிட் வரை ஏற்கத்தக்கது என்ற எண்ணையும் எழுத வையுங்கள். எத்தனை முறை நிறுத்தி இயக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். சூரிய மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் நாள்தோறும் நின்று தொடங்கும்.

9. காலக்கணக்கு

எங்கள் இரண்டாவது முயற்சி, சரியான வரிசையில், தேவைக் குறிப்பிலிருந்து முதல் வாயு வரை 19 மாதங்கள் எடுத்தது. தேவைக் குறிப்புக்கு மூன்று வாரம், சாத்தியக்கூறுக்கு இரண்டு மாதம், வடிவமைப்புக்கும் ஹேசாப்புக்கும் நான்கு மாதம். ஹேசாப் கூட்டம் நடந்தது ஐந்து நாட்கள்தான்; அதற்கு வேண்டிய வரைபடங்களை முடிக்கவே ஒரு மாதம் சென்றது. எலக்ட்ரோலைசர் கொள்முதல் ஆணைக்குப் பின் வந்து சேர பத்து மாதங்கள் ஆயின. மீதி நிறுவலுக்கும் சோதனைக்கும் போனது.

அனுமதிகளைக் கொள்முதல் ஆணைக்குக் காத்திராமல் வடிவமைப்பின் நடுவிலேயே தொடங்குங்கள். துறைகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறினாலும், அழுத்தக் கலன், தீயணைப்பு, மின் ஆய்வு, சுற்றுச்சூழல், நில பயன்பாடு ஆகிய ஐந்தும் எங்கும் ஏதோ ஒரு வடிவில் வரும். சேமிக்கும் அளவுதான் பெரும்பாலும் விதிகளின் கடுமையைத் தீர்மானிக்கிறது. பெருவிபத்துகளைத் தடுப்பதற்கான ஐரோப்பாவின் செவேசோ விதிகள் 5 டன் ஹைட்ரஜனிலிருந்து தொடங்குகின்றன. உங்கள் நாட்டு வரம்பை முன்கூட்டியே அறிந்து, கலனின் அளவை அதற்குக் கீழே வைக்க முடியுமா என்று செயல்முறைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

10. ‘பசுமை’ என்று அச்சிடும் முன்

இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜன் கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. உங்கள் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோ உமிழ்வு என்றால், இரவில் அந்த மின்சாரத்தில் ஓட்டும் எலக்ட்ரோலைசரின் ஹைட்ரஜன் 27 கிலோவுக்கு மேல் சுமந்துவரும். உலையின் வேலை தடைபடக் கூடாது என்று இரவிலும் ஓட்டிவிட்டு, பகலின் கணக்கை மட்டும் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

வரம்புகள் இடத்துக்கு இடம் வேறுபடும். இந்தியா 2023இல் பசுமை ஹைட்ரஜனுக்குக் கிலோவுக்கு 2 கிலோ என்று வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு சுமார் 3.4 கிலோ. ஐரோப்பிய விதிகளில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தியான காலமும் நீங்கள் பயன்படுத்திய காலமும் பொருந்த வேண்டும். 2029 இறுதி வரை மாத அளவிலும், 2030 முதல் மணி அளவிலும். பொருளை எங்கே விற்கப்போகிறீர்கள் என்பதைக் கரிமக் கணக்கரிடம் முதலில் சொல்லுங்கள். மின்மானிகளை எங்கே பொருத்துவது என்பதே அதைப் பொறுத்து மாறும். பிறகு பொருத்தினால் பழைய மாதங்களுக்குச் சான்று கிடைக்காது.

11. இயக்கமும் ஒப்படைப்பும்

அழுத்தச் சோதனையைக் கசிவுச் சோதனையாக எண்ண வேண்டாம். நீரிலோ நைட்ரஜனிலோ தாங்கிய இணைப்பு, மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜனைக் கசியவிடலாம். ஹீலியம் கலந்த வாயுவால் ஒவ்வோர் இணைப்பையும் சோதித்து, இணைப்பின் எண், அளவு, சோதித்தவர் கையெழுத்து ஆகியவற்றோடு பட்டியலாகத் தரும்படி கேளுங்கள். எங்கள் பட்டியலில் 212 இணைப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்பது, அழுத்தச் சோதனையில் தேறியும் ஹீலியத்தில் கசிந்தன. நார்வேயில் ஓஸ்லோவுக்கு அருகே 2019 ஜூனில் ஒரு நிரப்பு நிலையம் வெடித்ததற்கும், உயர் அழுத்தக் கலனின் மூடியில் போல்ட்டுகள் சரியாக முறுக்கப்படாததே காரணம் என்று கண்டறிந்தார்கள். போல்ட் முறுக்கு அளவுகளின் பதிவையும் அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

செயல்திறன் சோதனையை ஒரே நாளில் முடிக்க விடாதீர்கள். முழுச் சுமை, பாதிச் சுமை, குறைந்தபட்சச் சுமை ஆகிய மூன்றிலும், நிறுத்தி மீண்டும் இயக்கியும், தொடர்ந்து 72 மணி நேரப் பதிவைக் கேளுங்கள். வாயு மாதிரியை விற்பனையாளரைச் சாராத ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பனிநிலையை உலையின் வாசலில் அளக்கச் சொல்லுங்கள், இயந்திரத்தின் வாசலில் அளந்தால் இடையிலுள்ள குழாயின் ஈரம் தெரியாமல் போகும்.

இயந்திரத்தை இயக்குவோருக்கான கையேடு, அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் கடைசித் தவணையின் நிபந்தனையாகவே வையுங்கள். எங்களுக்கு வந்த முதல் கையேடு 400 பக்கங்கள், ஆங்கிலத்தில். பாதுகாப்பு நிபுணர் இரவுப் பணியில் இருக்கும் மூவரோடு அமர்ந்து, வாயு எச்சரிக்கை மணி ஒலித்தால் செய்ய வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, எலக்ட்ரோலைசர் அறைக்கு வெளியே, கதவின் கைப்பிடிக்கு நேர் மேலே ஒட்டினார். உள்ளே ஒட்டினால் மணி அடிக்கும் நேரத்தில் அதைப் படிக்க உள்ளே போக வேண்டியிருக்கும் என்றார். ஆறு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்து இயக்கத்தைப் பார்வையிடுவதற்கான இரண்டு நாள் கட்டணத்தையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தோம். நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள், பின்னர் தனியாகக் கேட்டால் அவருடைய நாள் கிடைப்பது அரிது.